செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை: பாகம் மாற்றும் முன் நான் பார்ப்பவை

சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஆனால் என்ஜின் பிடிக்காது. அந்த நேரத்தில் வண்டியைச் சுற்றி நிற்கும் எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும். பம்ப் போயிருக்கும் என்பார் ஒருவர். பிளக்கை மாற்றிப் பாருங்கள் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் இசியூ (என்ஜினை நடத்தும் கணினி) எரிந்திருக்கும் என்று சொல்லி வயிற்றில் புளியைக் கரைப்பார். இவற்றில் ஏதாவது ஒன்று சரியாகவும் இருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்காமல் மாற்றிய பாகத்துக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். பிரச்சினை அப்படியே இருந்தால் அடுத்த சந்தேகத்துக்கு அடுத்த செலவு.

எனக்கு வண்டி வேலை தொழில் இல்லை. சொந்த வண்டியையும் உறவுக்காரர்கள், நண்பர்கள் வண்டிகளையும் வருடக்கணக்காகப் பார்த்துப் பழகியதுதான். அந்தப் பழக்கத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று: செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிட்டால், ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே கோளாறு எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். செல்ஃப் சுற்றும் அந்தச் சில நொடிகளிலேயே வண்டி நிறையச் சொல்லிவிடுகிறது.

முதலில் காதைக் கொடுக்க வேண்டும். நல்ல என்ஜினைச் செல்ஃப் சுற்றும்போது சத்தம் ஒரே இழுப்பாக வராது. ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும் இடத்தில் சற்றுத் திணறும், தாண்டியதும் விடும், மறுபடி திணறும். அதில் ஒரு தாளம் இருக்கும். அந்தத் தாளம் இல்லாமல், எந்தத் தடையும் இல்லாததுபோல ‘வ்வீ’ என்று வேகமாகச் சுற்றினால் உடனே சாவியை விட்டுவிடுங்கள். பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட்டும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், அல்லது பல் தாண்டியிருக்கலாம். பல என்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். மேலும் மேலும் சுற்றிப் பார்த்தால் வளையாமல் தப்பித்த வால்வும் வளைந்துவிடும். சந்தேகம் இருந்தால் என்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நிறைய வண்டிகளில் அந்த வழியாகவே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு தெரியும். இன்னொருவரை ஒரே ஒரு நொடி செல்ஃப் எடுக்கச் சொல்லி, கேம் அசைகிறதா என்று பார்த்தால் போதும். அசையவில்லை என்றால் அதற்கு மேல் எந்தச் சோதனையும் வேண்டாம், வண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

தாளம் திணறித் திணறி மெதுவாக வந்தால் பேட்டரியைப் பாருங்கள். ‘செல்ஃப் சுற்றுகிறதே, பேட்டரி எப்படிப் போயிருக்கும்?’ என்று கேட்பவர்கள் அதிகம். செல்ஃப் மோட்டார் குறைந்த வோல்ட்டிலும் எப்படியோ சுற்றிவிடும். ஆனால் அது இழுக்கும்போது வோல்ட் ஒரேயடியாக இறங்கினால், இசியூவும் பிளக்குக்குக் கரண்ட் தரும் இக்னிஷன் காயிலும் வேலை செய்யப் போதாமல் போகும். மல்டிமீட்டரைப் பேட்டரி டெர்மினலில் வைத்துப் பார்த்தால், முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். செல்ஃப் எடுக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. போனால் முதலில் டெர்மினலைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்கி, எர்த் ஒயரையும் பார்த்துவிட்டு, பேட்டரியைச் சார்ஜ் போட்டுக்கொண்டு அடுத்த சோதனைக்குப் போங்கள். பலவீனமான பேட்டரியை வைத்துக்கொண்டு செய்கிற மற்ற எல்லாச் சோதனையும் பொய் சொல்லும்.

செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் இழுக்காதீர்கள். நடுவில் ஒரு நிமிடமாவது விடுங்கள். மோட்டார் சூடாகிக் கருகும் என்பது ஒரு காரணம். பெட்ரோல் வண்டியில் எரியாத எரிபொருள் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பது இன்னொன்று.

அடுத்து டேஷ்போர்டு. சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து, செல்ஃப் எடுக்காமல் விளக்குகளைப் படியுங்கள். ‘செக் என்ஜின்’ விளக்கு எரிய வேண்டும். அது எரிவது இங்கே நல்ல செய்தி, இசியூ விழித்திருக்கிறது என்று அர்த்தம். எரியவே இல்லை என்றால் இசியூவுக்கு மின்சாரம் போகிறதா என்று முதலில் பாருங்கள். இசியூவுக்கு மின்சாரத்தை இணைக்கும் மெயின் ரிலேயோ ஒரு ஃபியூஸோ போயிருந்தால் வண்டி முழுவதும் செத்ததுபோல நடந்துகொள்ளும், இசியூ எரிந்துவிட்டது என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இன்னொரு அபூர்வமான காரணமும் உண்டு. பல சென்சார்களுக்கு இசியூ ஒரே 5 வோல்ட் லைனிலிருந்து மின்சாரம் கொடுக்கும். அதில் ஒரு சென்சார் ஷார்ட் ஆனால் மொத்த லைனும் படுத்துவிடும். சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தால், எதைப் பிடுங்கியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி.

பிறகு அந்தச் சாவிப் படம் போட்ட விளக்கு, அல்லது பூட்டுப் படம். இதை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். என் மைத்துனர் கார் ஒருநாள் காலையில் எடுக்கவில்லை. செல்ஃப் அருமையாகச் சுற்றியது. ஒரு நொடி பிடிப்பதுபோல வந்து அணைந்தது. டேஷ்போர்டில் சாவி விளக்கு வேகமாக மின்னிக்கொண்டிருந்தது.

“மாப்பிள்ளை, சாவியில் ஏதாவது வேலை பார்த்தீர்களா?” என்று கேட்டேன்.

“நேற்று உறை உடைஞ்சு போச்சு மச்சான், புது உறை வாங்கி நானே மாத்தினேன். ரிமோட்ல கதவெல்லாம் நல்லாத்தானே திறக்குது?” என்றார்.

அங்கேதான் விஷயம். கதவைத் திறக்கும் ரிமோட் சர்க்யூட் வேறு, என்ஜினுக்கு அனுமதி கொடுக்கும் சிப் வேறு. நகத்தில் கால்வாசி அளவுக்குக் கறுப்பாக ஒரு சில்லு, பேட்டரியே இல்லாமல் பழைய உறையின் மூலையில் செருகியிருக்கும். உறை மாற்றும்போது அது பழையதிலேயே தங்கிவிட்டது. நல்ல வேளை, பழைய உறையை இன்னும் தூக்கிப் போடவில்லை. சில்லை எடுத்துப் புது உறையில் வைத்ததும் முதல் திருப்பிலேயே எடுத்தது. அதனால் சாவி விளக்கு மின்னினால் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். ஒரே வளையத்தில் வேறு வண்டியின் சிப் சாவியும் தொங்கினால் அதையும் கழற்றிவிட்டுப் பாருங்கள், ஒன்றின் சிக்னல் மற்றதில் குறுக்கிடுவதுண்டு.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது எங்கள் வீட்டில் இருந்த பழைய பெட்ரோல் கார்தான். காலையில் ஒரே திருப்பில் எடுக்கும். அரைமணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, உடனே மறுபடி எடுத்தால் செல்ஃப் மட்டும் சுற்றும். பானெட்டைத் திறந்துபோட்டுக் காத்திருந்தால் எதுவுமே நடக்காததுபோல எடுத்துக்கொள்ளும். சில சமயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகும். ஒரு பணிமனைக்கு இழுத்துக்கொண்டு போனோம். போய்ச் சேருவதற்குள் ஆறிவிட்டது, அங்கே நன்றாக எடுத்தது. சூட்டில் நிற்கிறதென்றால் பம்ப்தான் என்று சொல்லி, டாங்க்கில் புதுப் பம்ப் போட்டுக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள்தான், அப்புறம் அதே கதை. சூட்டில் மக்கர் செய்யும் பம்ப்புகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் பம்ப் என்று முடிவு கட்ட, வண்டி எடுக்காத அந்த நிலையிலேயே அளந்து பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த முறை நின்றபோது நான் ஆர்பிஎம் முள்ளையே பார்த்துக்கொண்டு செல்ஃப் எடுத்தேன். செல்ஃப் சுற்றும்போது என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று சுற்றும். பல வண்டிகளில் முள் அந்த வேகத்துக்கே பூஜ்ஜியத்திலிருந்து லேசாகத் தூக்கும். எங்கள் காரிலும் வழக்கமாகத் தூக்கும். அன்று அசையவே இல்லை. இசியூ பார்க்கும் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரை மாட்டி நேரடி அளவுகளைப் பார்த்தேன். என்ஜின் வேகம் 0 என்று காட்டியது. கண் முன்னால் பெல்ட்டும் புல்லியும் சுற்றுகின்றன, இசியூவுக்கோ என்ஜின் நின்றுகொண்டிருக்கிறது.

அந்த வேகத்தைச் சொல்வது கிராங்க் சென்சார். பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் இசியூ பிளக்குக்குக் கரண்ட் விடாது, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் திறக்காது. என்ஜின் சுற்றவில்லை என்று நினைத்து, பம்ப்பையும் சில நொடிகளில் நிறுத்திவிடும். விபத்தில் என்ஜின் நின்ற பிறகு பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. ஆக, வண்டி நின்ற நேரத்தில் யாராவது சோதித்திருந்தாலும் பம்ப் ஓடாததுதான் தெரிந்திருக்கும். பம்ப் ஓடவில்லை என்பதும் உண்மை, பம்ப்பில் கோளாறு இல்லை என்பதும் உண்மை. ஸ்பார்க், இன்ஜெக்டர், பம்ப் மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்யவில்லை என்றால் மூன்றும் ஒன்றாகக் கெட்டுப்போயிருக்காது. மூன்றுக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும்.

உறுதிப்படுத்த ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்து, கிராங்க் சென்சார் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் விட்டேன். சூடான என்ஜினுக்குள் கை விடும்போது சைலன்சர் பக்கம் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு சாவியைத் திருப்பினால் முள் தூக்கியது, என்ஜின் பிடித்தது. வீட்டுக்கு வந்து சென்சாரைக் கழற்றி, அதன் இரண்டு பின்னிலும் மல்டிமீட்டரை வைத்தேன். ஆறிய நிலையில் 900 ஓமுக்குப் பக்கத்தில் நின்றது. முடி காயவைக்கும் டிரையரால் சூடு காட்டக் காட்ட எண் மெல்ல ஏறிக்கொண்டே போய், சட்டென்று அளவே இல்லாமல் போய்விட்டது. டிரையரை நிறுத்தி மேசையில் வைத்தால், கொஞ்ச நேரத்தில் எண் திரும்பி வந்தது. உள்ளே இருக்கும் தலைமுடி போன்ற செம்புக் கம்பிச் சுருளில் எங்கோ ஒரு விரிசல். சூட்டில் விலகுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. புது சென்சார் போட்ட பிறகு அந்தக் கார் சூட்டில் நிற்கவே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, ஓம் அளக்கும் இந்தச் சோதனை இரண்டு ஒயர் சென்சாருக்கு மட்டும்தான் பொருந்தும். மூன்று ஒயர் வருவது பெரும்பாலும் காந்தத்தை மின்னணு முறையில் உணரும் ஹால் வகை, அதை ஓமில் அளப்பதில் பயனில்லை. அதற்குச் சப்ளை வருகிறதா, என்ஜின் சுற்றும்போது சிக்னல் மாறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இன்னொன்று, கோளாறைக் குறிக்க இசியூ பதிவு செய்யும் எண்ணைக் ‘கோடு’ (code) என்பார்கள்; கிராங்க் சென்சாருக்கான கோடு பி0335. எங்கள் காரில் அந்தக் கோடு பதிவாகவே இல்லை. கோடு இல்லை என்பதால் கோளாறு இல்லை என்று நம்பிவிடக் கூடாது. நேரடி அளவுகள்தான் உண்மையைச் சொல்லும். நல்ல நிலையிலேயே செல்ஃப் எடுக்கும்போது முள் தூக்காத வண்டிகளும் இருக்கின்றன. அதனால் உங்கள் வண்டி நன்றாக இருக்கும்போதே ஒருநாள் முள் என்ன செய்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சின்னதாக ஒரு ஓபிடி ஸ்கேனர் வாங்கி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

ஆர்பிஎம் சரியாக வருகிறதென்றால், பெட்ரோல் வண்டியில் மீதி இருப்பது எரிபொருளா ஸ்பார்க்கா என்ற கேள்வி. சத்தமில்லாத இடத்தில் பின் சீட் பக்கம் காதை வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவியை ஆன் செய்யச் சொல்லுங்கள். பல வண்டிகளில் பம்ப் சுமார் இரண்டு நொடி ‘ம்ம்’ என்று ஓடி நிற்கும். சத்தம் வரவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள். ரிலேயைச் சோதிக்க எளிய வழி, ரிலேப் பெட்டியில் அதே எண் அச்சிட்ட ஹாரன் ரிலேயைக் கழற்றி அதில் மாட்டிப் பார்ப்பது. சில வண்டிகளில், எதிலாவது மோதினால் பம்ப்பை நிறுத்தும் இனர்ஷியா ஸ்விட்ச் உண்டு. பெரிய பள்ளத்தில் இறங்கியதற்கே அது தட்டியிருக்கும், அதிலுள்ள பட்டனை அழுத்தினால் போதும். இவை எல்லாம் சரியாக இருந்தும் பம்ப் ஓடவில்லை என்றால், டாங்க்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே செல்ஃப் எடுக்கச் சொல்லுங்கள். தட்டினால் எழுந்துகொள்ளும் பம்ப்புக்கு ஆயுள் முடிந்துவிட்டது. அன்று வீடு போய்ச் சேரலாம், மறுநாள் மாற்றிவிட வேண்டும்.

சத்தம் வருகிறது என்பதற்காக அழுத்தம் வருகிறது என்று சொல்லிவிட முடியாது. அடைத்த ஃபில்டர், தேய்ந்த பம்ப், இவற்றிலும் சத்தம் வரும். சாதாரண இன்ஜெக்ஷன் வண்டிகளில் 3 முதல் 4 பார் வரை இருக்க வேண்டும், அதைக் கேஜ் வைத்துத்தான் பார்க்க முடியும். டாங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். காட்டும் முள்ளே பொய் சொல்லும் வண்டிகள் உண்டு.

கேஜ் கையில் இல்லாதவர்களுக்கு பிளக்கே சாட்சி. செல்ஃப் எடுத்த பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி மூக்கருகில் கொண்டுபோங்கள். பெட்ரோல் வாசனையோடு நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, நெருப்புத்தான் வரவில்லை. காய்ந்திருந்தால் எரிபொருள் பக்கம் போங்கள். ஸ்பார்க்கைப் பார்க்க அதற்கென்று விற்கும் டெஸ்டரை வாங்கிக்கொள்ளுங்கள். பிளக்கை என்ஜின்மேல் வைத்துக் கையால் பிடித்துப் பார்க்கும் பழைய வழக்கம் இந்தக் காலத்து வண்டிகளுக்கு வேண்டாம். காயிலிலிருந்து வருவது 20,000 வோல்ட்டுக்கு மேல், பக்கத்திலேயே பெட்ரோல் ஆவி வேறு. சோதிக்கும் முன் பம்ப் ஃபியூஸையும் பிடுங்கிவிடுங்கள்.

எல்லாப் பிளக்கும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கிறது. ஆறிப்போன வண்டியை எடுத்து, இடம் மாற்றி நிறுத்திவிட்டு உடனே அணைத்தால் இப்படி ஆகும். ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் எடுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகளில் அப்போது இசியூ இன்ஜெக்டரை மூடிவிட்டு வெறும் காற்றை அனுப்பும். சில நொடிகளில் தடுமாறிப் பிடித்துக்கொள்ளும், பிடித்ததும் காலை மெல்ல எடுங்கள். இது அடிக்கடி நடந்தால் கூலன்ட் வெப்ப சென்சாரை ஸ்கேனரில் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் அது வெளியில் உள்ள வெப்பத்தையே காட்ட வேண்டும். மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் சென்சார் ஒயர் அறுந்திருக்கிறது. அதை நம்பி, கடுங்குளிர் என்று நினைத்துக்கொண்டு இசியூ பெட்ரோலைக் கொட்டுகிறது.

டீசல் வண்டிக்கு வேறு கணக்கு. பக்கத்து வீட்டு அண்ணன் ஃபில்டரை மாற்றிய மறுநாள் அவருடைய டீசல் வண்டி எடுக்கவில்லை. ஃபில்டருக்கு வரும் குழாயில் கிளிப் சரியாக உட்காராமல் ஏர் பிடித்திருந்தது. கிளிப்பைச் சரிசெய்து, கைப்பம்ப் கல்லுபோல் இறுகும் வரை அழுத்திய பிறகு எடுத்தது. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து (ரெயில்) டீசல் தரும் காமன் ரெயில் என்ஜினில் ரெயில் அழுத்தம் சுமார் 200 பாரைத் தொட்டால்தான் இசியூ இன்ஜெக்டரைத் திறக்கும். செல்ஃப் எடுக்கும்போது ஸ்கேனரில் அந்த எண் ஏறவே இல்லை என்றால் ஏர், அடைத்த ஃபில்டர், டீசலை அதிகமாக டாங்க்குக்குத் திருப்பி விடும் இன்ஜெக்டர் என்று அந்த வரிசையில் தேடலாம். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. ஓடும்போது 1,600 பாருக்கு மேலும் போகும் அமைப்பு அது, கசியும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். குளிரில் மட்டும் எடுக்கத் திணறினால், சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கைப் பாருங்கள். குளோ பிளக் உள்ள வண்டியில் ஈதர் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், சூடான பிளக்கில் பட்டு அது நேரம் தவறி வெடிக்கும்.

இத்தனைக்கும் பிறகு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும் என்றால், ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். சூட்டிலா ஆறியபோதா, செல்ஃப் சத்தம் சீராக இருந்ததா, சாவி விளக்கு மின்னியதா, ஆர்பிஎம் வந்ததா, பம்ப் சத்தம் கேட்டதா, இவற்றைச் சொல்லுங்கள். ஸ்கேனரில் வந்த கோடுகளை அழிக்காமல் அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். கோடு விழுந்த நொடியில் என்ஜின் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு என்பதும் அதோடு சேர்ந்தே பதிவாகியிருக்கும், அழித்தால் அதுவும் போய்விடும்.